ஜப்பானில் எதை, எந்த ஊரில், எப்படிச் சாப்பிடுவது: பயணிகளுக்கு முழு வழிகாட்டி

ஜப்பானில் நல்ல கடைகள் பெரும்பாலும் ஒரே ஒரு பண்டத்தைத்தான் செய்யும். சோபா நூடுல்ஸ் கடையில் சுஷி கிடைக்காது. விலாங்கு மீன் கடையில் விலாங்கைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது. சுஷி, ராமென், டெம்புரா, சுகியாகி எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு வாசலில் ஆங்கிலப் பலகை வைத்திருக்கும் கடை சுற்றுலாப் பயணியை நம்பி நடப்பது. வயிறு நிறையும், அவ்வளவுதான். அதனால் என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள், பிறகு அதற்கென்றே இருக்கும் கடையைத் தேடுங்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

படி 1: எது ஆகாது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் டாஷி என்னும் சாறு. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 கிராம் கொம்பு என்னும் கடற்பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய தீயில் சூடாக்கி, கொதி வரும் முன் பாசியை எடுத்துவிடுவார்கள். கொதிக்கவிட்டால் வழவழப்பும் பாசி வாடையும் இறங்கிவிடும். பிறகு 20 முதல் 30 கிராம் கட்சுவோபுஷிச் சீவலைப் போட்டு, அடுப்பை அணைத்து, ஓரிரு நிமிடத்தில் வடிகட்டுவார்கள். கட்சுவோபுஷி வேறொன்றுமில்லை, நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் விற்கும் மாசிக் கருவாட்டின் உறவுக்காரன். அதே சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போல இறுகும்வரை உலர்த்தியது. கொம்புவின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908-இல் கண்டறிந்த வேதியியலாளர் கிகுனே இகேடா அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார்.

சைவர்கள் சிக்கிக்கொள்வது இந்தச் சாற்றில்தான். மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைச் சுருள், வேகவைத்த பூசணி, ஒகோனோமியாகி என்னும் அடையின் மாவு என்று எல்லாவற்றிலும் மீன் டாஷி இருக்கும். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்றால் மீன் துண்டு வராது, ஆனால் மீன் சாறு வரும். ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். சாற்றை மீன் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அங்கே பலருக்கு இல்லை. எனவே இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "நிகு தோ சகானா வா தாபெராரேமாசென். சகானா நோ டாஷி மோ தாபெராரேமாசென்." கறியும் மீனும் சாப்பிட மாட்டேன், மீன் டாஷியும் ஆகாது என்று பொருள். பேசுவதைவிட, இதை ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுவது மேல்.

சைவர்கள் நம்பிப் போகக்கூடியது ஷோஜின் ரியோரி என்னும் புத்தமடச் சமையல். கறி, மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. டாஷியும் கொம்புவிலும் ஷிடாக்கே காளானிலும்தான். வாகயாமா மாகாணத்தின் கோயாசான் மலையில் மடங்களிலேயே தங்கி, இரவும் காலையும் இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடலாம். எள்ளை அரைத்துக் கூவைக்கிழங்கு மாவு போன்ற குட்சு மாவோடு கிளறிச் செய்யும் கோமாடோஃபுவும், உறையவைத்து உலர்த்திய கோயாடோஃபுவும் அங்கே தவறவிடக் கூடாதவை. கியோட்டோவின் நான்ஸென்ஜி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கும் யுடோஃபுவும், அதாவது கொம்பு போட்ட வெந்நீரில் சுடவைக்கும் டோஃபுவும், நல்ல தேர்வு. ஆனால் தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கலாம். கேட்டுவிட்டு, வெறும் சோயா சாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வெள்ளரிக்காய் வைத்த சுஷிச் சுருளான கப்பா மாகி கைகொடுக்கும். இனிப்பான டோஃபுத் தோலில் சோறு வைத்த இனாரியைச் சைவம் என்று எடுத்துவிடாதீர்கள், அந்தத் தோலைப் பெரும்பாலும் டாஷியில்தான் வேகவைக்கிறார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் க்யூடோன், சுகியாகி, ஷாபுஷாபு மூன்றையும் தவிர்ப்பார்கள். மறந்துபோவது கறி ரைஸ், அதாவது ஜப்பானியக் குழம்புச் சோறு: அந்தக் குழம்புக் கட்டியில் மாட்டுக்கொழுப்பு இருப்பது சகஜம், கோழிக் கறி என்று கேட்டு வாங்கினாலும் குழம்பு அதேதான். பன்றி வேண்டாதவர்களுக்கு ராமென் கடினம். மது கூடாது என்பவர்கள் சாறுகளில் மிரினும் சாகேயும் சேருவதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சோபா செய்யும் பக்வீட் என்னும் தானியம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். ஒரே கொதிநீரில் கோதுமை நூடுல்ஸான உடோனையும் சோபாவையும் வேகவைக்கும் கடைகள் உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் அங்கே உடோனும் கேட்கக் கூடாது.

படி 2: ஊருக்கு ஒரு பண்டம்

முதல் பயணம் என்றால் டோக்கியோ, நகோயா, கியோட்டோ, ஒசாகா நான்கும் ஒரே ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதையில் இருக்கின்றன. டோக்கியோவில் கையால் பிடித்த நிகிரி சுஷி, சோபா, டெம்புரா. நகோயாவில் விலாங்கு ஹிட்சுமாபுஷி. கியோட்டோவில் டோஃபு, சோயாப் பாலின் ஆடையான யுபா, கைசெகி விருந்து. ஒசாகாவில் ஒகோனோமியாகி, ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவுருண்டையான டகோயாக்கி. கூடுதல் நாள் இருந்தால் உடோனுக்காக ஷிகோகு தீவின் ககாவா, அடுக்கு ஒகோனோமியாகிக்கு ஹிரோஷிமா, பன்றி எலும்புச் சாற்று ராமெனுக்கு ஃபுகுஓகா.

விலை கூடிய பண்டத்தை மதியத்துக்கு வையுங்கள். பெரிய கடைகளின் மதியத் தொகுப்பு இரவு விலையைவிடக் கணிசமாகக் குறைவு, சமைப்பது அதே கைதான். ஆனால் நேரம் முக்கியம். பெரும்பாலான கடைகள் 11:30-க்குத் திறந்து 2 மணிக்குள் மதிய ஆர்டரை நிறுத்திவிடும். பிறகு மாலை 5 மணிக்குத்தான். கோயில் பார்த்துவிட்டு 3 மணிக்குச் சாப்பிடலாம் என்று கிளம்பினால் சங்கிலிக் கடைதான் மிஞ்சும்.

படி 3: கடைக்குள் போவது

வாசலில் நோரென் என்னும் துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே போனதும் காலி இடத்தில் போய் உட்காராதீர்கள். வாசலருகே நின்று எத்தனை பேர் என்று விரலால் காட்டினால் போதும். ஈரத்துண்டு தருவார்கள், அது கை துடைக்க மட்டும். ஆளைக் கூப்பிட "சுமிமாசென்" என்று உரக்கச் சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு இல்லை. டிப்ஸ் கிடையாது, மேசையில் விட்டுவந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள்.

ராமென், சோபா, உடோன் கடைகள் பலவற்றில் வாசலில் சீட்டு எந்திரம் இருக்கும். முதலில் பணத்தைப் போட வேண்டும், அப்போதுதான் பொத்தான்களில் விளக்கு எரியும். ஒன்றும் புரியவில்லையென்றால் இடதுபக்க மேல்மூலைப் பொத்தானை அழுத்துங்கள், பெரும்பாலும் கடையின் முதன்மைப் பண்டம் அங்கேதான் இருக்கும். மீதிச் சில்லறைக்கு ஒரு பிடி இருக்கும், அதைத் திருப்ப மறந்துபோகிறவர்கள் நிறைய. பழைய எந்திரங்கள் 1000 யென் தாளையும் நாணயத்தையும் மட்டுமே வாங்கும், 10,000 யென் தாளோடு நின்றால் பின்வரிசை முழுவதும் காத்திருக்கும்.

இசாகயா என்னும் மதுக்கூடங்களில் கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் வரும். அது ஓட்டோஷி, உட்காரும் கட்டணம் மாதிரி. தலைக்குச் சில நூறு யென் பில்லில் ஏறும். அதற்காகச் சண்டை போடுவது வீண்.

சோபா

விலை குறைவு, நுணுக்கம் அதிகம். முதல் தடவை குளிர்ந்த சோபாதான் சாப்பிட வேண்டும், சூடான குழம்பில் போட்டால் பக்வீட்டின் மணம் அடங்கிப்போகும். மூங்கில் தட்டில் வைத்தால் மோரி, மேலே நோரிப் பாசி தூவினால் ஸாரு. முழுக்கப் பக்வீட் மாவு என்றால் ஜூவாரி, எட்டுப் பங்கு பக்வீட்டும் இரண்டு பங்கு கோதுமையும் என்றால் நிஹாச்சி. ஜூவாரிதான் உயர்ந்தது என்று பலர் சொல்வார்கள். மணத்தில் அது சரி. ஆனால் எளிதில் உடையும், தொண்டையில் வழுக்கி இறங்கும் சுகம் நிஹாச்சியில்தான் அதிகம்.

தட்டு வந்ததும் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஐந்து நிமிடம் போனால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். முதல் வாயை ஒன்றும் தொடாமல் வெறுமனே சாப்பிடுங்கள். அடுத்து ஏழெட்டு இழையை மேலிருந்து எடுத்து, நுனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சாற்றில் தொட்டு, சத்தமாக உறிஞ்ச வேண்டும். டோக்கியோ பக்கத்துச் சாற்றில் உப்பு தூக்கல், முழுக்க முக்கினால் சோயா மட்டுமே தெரியும். உறிஞ்சும்போது காற்றோடு மணம் மூக்குக்கு ஏறுகிறது, சத்தம் அதற்காகத்தான். வசாபி என்னும் காரமான பச்சை விழுதைச் சாற்றில் கரைக்காமல் இழைமேல் துளி வைத்துக்கொள்ளுங்கள். முடியும் சமயம் ஒரு சிறு பாத்திரத்தில் கலங்கலான வெந்நீர் வரும். சோபா வேகவைத்த நீர் அது, சோபாயு என்பார்கள். மீதிச் சாற்றில் ஊற்றிக் குடிக்க வேண்டும். கைகழுவக் கொடுத்ததோ என்று சந்தேகம் வேண்டாம்.

புது அறுவடை மாவு வரும் இலையுதிர்காலத்தில் சோபா மிக நன்றாக இருக்கும். சுமார் 800 முதல் 1500 யென்.

ககாவாவின் சானுகி உடோன்

இங்கே பல கடைகளில் நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும், வரிசை ஒழுங்கு தெரியாமல் போனால் திணறல். தட்டை எடுத்துக்கொண்டு அளவு சொல்ல வேண்டும்: ஷோ என்றால் ஒரு உருண்டை நூடுல்ஸ், டாய் என்றால் இரண்டு. வகை சொல்ல வேண்டும்: காகே என்றால் சூடான குழம்பில், புக்காகே என்றால் கெட்டிச் சாறு மேலே ஊற்றியது, காமாஆகே என்றால் வெந்த நீரோடு. சில பழைய கடைகளில் குளிர்ந்த உருண்டையைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்திலுள்ள வலைக்கரண்டியில் போட்டு, வெந்நீரில் பத்து இருபது வினாடி முக்கி, நன்றாக உதறி, கிண்ணத்தில் திருப்பி, குழாயைத் திறந்து குழம்பை நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். உதறாமல் போட்டால் குழம்பு நீர்த்துப்போகும். நிமிடக்கணக்கில் முக்கினால் சானுகிக்குப் பேர் வாங்கித்தந்த அந்த விறைப்பே போய்விடும்.

வழியில் டெம்புராத் தட்டுகள் வரும். ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்துங்கள். பணம் கட்டியபின் வெங்காயத்தாள், இஞ்சித் துருவல், பொரித்த மாவுத் தூள் பல கடைகளில் இலவசம். சாப்பிட்ட கிண்ணத்தைத் திருப்பும் இடத்தில் வைப்பது உங்கள் வேலை. பல கடைகள் மதியம் 2 மணிக்கே, சில அதற்கும் முன்பே நூடுல்ஸ் தீர்ந்து மூடிவிடும், காலையிலேயே போங்கள். குழம்பு இரிக்கோ என்னும் காய்ந்த நெத்திலி வகை மீனில் செய்தது. சைவர்கள் சோயா சாஸ் ஊற்றிய கிஜோயு கேட்கலாம், சாஸில் டாஷி கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு.

சுஷி

நிகிரி சுஷி 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருவோரத் தீனியாகப் பரவியது. கையால் எடுத்துச் சாப்பிடுவது முழுக்கச் சரி. சோயா சாஸ் மீனில் படவேண்டும், சோற்றில் அல்ல. துண்டைப் பக்கவாட்டில் சாய்த்து மீன் நுனியை மட்டும் தொடுங்கள். சோறு உறிஞ்சினால் உதிர்ந்து கிண்ணத்தில் விழும், உப்பும் தூக்கலாகும். ஒரே வாயில் போட வேண்டும். சமையல்காரர் ஏற்கெனவே சாறு பூசிக் கொடுத்தால் தொடவே வேண்டாம். இஞ்சி ஊறுகாய் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வாயைச் சுத்தமாக்க, சுஷிமேல் வைத்துச் சாப்பிட அல்ல. வெள்ளை மீனில் தொடங்கி கொழுப்பான மீனுக்குப் போவது வழக்கம். கொழுத்த டூனாவை முதலில் தின்றால் பின்னால் வரும் மெல்லிய சுவைகள் நாவில் தெரியாது. வசாபி வேண்டாமென்றால் "சபி நுகி".

சுழலும் தட்டுக் கடை 1958-இல் ஒசாகா பக்கம் தொடங்கியது. யோஷியாகி ஷிராயிஷி என்பவரின் யோசனை. அங்கே தட்டின் நிறம்தான் விலை. இருக்கைக்கு எதிரே ஒரு குழாயும் அழுத்தும் பொத்தானும் இருக்கும். தேநீர்ப் பொடிக்கு ஊற்றும் கொதிநீர் அது, கைகழுவப் போய்ச் சுட்டுக்கொள்ளாதீர்கள். ஓடிவரும் தட்டுக்குக் காத்திராமல் திரையில் ஆர்டர் செய்தால் புதிதாகப் பிடித்தது வரும்.

துணிச்சல்காரர்களுக்கு ஷிகா மாகாணத்தின் ஃபுனாசுஷி. பிவா ஏரி மீனை உப்பிலும் பிறகு சோற்றிலும் மாதக்கணக்கில் புளிக்கவைப்பது, சுஷியின் பூர்வீக வடிவம். வாடை தூக்கலாக இருக்கும். இரண்டு மெல்லிய துண்டு போதும்.

விலாங்கு: உனாகியும் ஹிட்சுமாபுஷியும்

டோக்கியோ பக்கம் விலாங்கை முதுகில் கீறி, ஆவியில் வேகவைத்துப் பிறகு சுடுவார்கள், பஞ்சுபோல் உதிரும். ஒசாகா பக்கம் வயிற்றில் கீறி, ஆவி காட்டாமல் நேரே கரியில் சுடுவார்கள், தோல் மொறுமொறுக்கும். ஆர்டர் எடுத்தபின்தான் பல கடைகள் வேலையையே தொடங்கும். அரை மணி காத்திருந்தால் நல்ல கடை என்று அர்த்தம். பெட்டிச் சோறான உனாஜூ 3000 யென்னுக்குக் கீழே அரிது. ஜூலை இறுதியில் வரும் விலாங்குத் திருநாளில் வரிசை நீளும். ஆனால் இயற்கை விலாங்கு கொழுப்பது இலையுதிர்காலத்தில். ஜப்பானிய விலாங்கு 2014 முதல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது, எனவே ஒரு தடவை, நல்ல இடத்தில் சாப்பிட்டால் போதும்.

அந்த ஒரு தடவை நகோயாவின் ஹிட்சுமாபுஷியாக இருக்கட்டும். மரத்தொட்டியில் சோற்றின்மேல் நறுக்கிய விலாங்கு வரும். கரண்டியால் சிலுவைபோல் கீறி நான்கு பங்காக்கிக்கொள்ளுங்கள். முதல் பங்கை அப்படியே. இரண்டாவதை வசாபி, வெங்காயத்தாள், நோரி சேர்த்து. மூன்றாவதோடு இவற்றையும் வைத்து, சூடான டாஷியோ தேநீரோ ஊற்றிக் கஞ்சிபோல. நான்காவது, மூன்றில் பிடித்த முறையில். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கலந்துவிட்டால் சுட்ட தோலின் மொறுமொறுப்பு கிடைக்காது. மேசையில் சான்ஷோ மிளகுப்பொடி இருந்தால் ஒரு சிட்டிகை மட்டும், நாக்கு மரத்துப்போகும்.

ஒகோனோமியாகி

ஒசாகாவில் முட்டைக்கோஸ், மாவு, டாஷி, துருவிய யாம் கிழங்கு, முட்டை எல்லாம் கலந்து இரும்புத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றுவார்கள். நீங்களே சுடும் கடையானால் பக்கத்துக்கு ஐந்து நிமிடம்வரை பொறுமையாக விடுங்கள், சட்டுவத்தால் அழுத்தாதீர்கள். நம் கை தோசைக்கல்லில் பழகியது, தானாக அழுத்தப் போகும். அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று போய் களிபோல் இறுகிவிடும். ஹிரோஷிமாவில் கலப்பதில்லை: மெல்லிய மாவு, முட்டைக்கோஸ் குவியல், பன்றி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்குவார்கள். அதை வாடிக்கையாளர் செய்ய முடியாது, உட்கார்ந்து பார்க்கலாம். பன்றி வேண்டாமென்றால் "புத்தா நுகி".

டகோயாக்கி உருண்டையை முழுதாக வாயில் போடாதீர்கள். வெளியே ஆறியிருந்தாலும் உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். குச்சியால் கிழித்து ஆவி போகவிடுங்கள்.

ராமென், டெம்புரா

ஃபுகுஓகாவில் நூடுல்ஸ் எவ்வளவு விறைப்பு என்று கேட்பார்கள்: ஃபுட்சு நடுத்தரம், காத்தா விறைப்பு. இழை மெல்லியது, சீக்கிரம் ஊறிவிடும் என்பதால் கொஞ்சமாகவே தருவார்கள். குழம்பை மீதிவைத்து, கடைசி ஒருவாய் இருக்கும்போது "கயேதாமா" என்றால் ஒரு நிமிடத்தில் அடுத்த ஈடு வரும். டெம்புராவைச் சாறிலே ஊறவைக்காதீர்கள். முள்ளங்கித் துருவலைச் சாற்றில் கரைத்து நுனியைத் தொட்டு உடனே சாப்பிடுங்கள். காய்களுக்கு உப்பே நல்லது.

கைசெகியும் ரியோகான் சாப்பாடும்

கைசெகி பல தட்டுகளாக வரும் மரபு விருந்து, ரியோகான் மரபான ஜப்பானிய விடுதி. இரண்டுக்கும் உணவுக் கட்டுப்பாட்டை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தபின் மாற்றித்தர வழியில்லை. சிறு சிறு தட்டுகளாக வரும். சோறு, மிசோ சூப், ஊறுகாய் மூன்றும் கடைசியில். சோறு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம்மவர் வழக்கம். ஆனால் அது வந்தால் விருந்து முடிகிறது என்று பொருள். சூப்புக் கிண்ணத்தின் மூடி ஆவியால் இறுகிப்போயிருக்கும். இழுக்காதீர்கள். ஒரு கையால் கிண்ணத்தின் இரு பக்கத்தையும் லேசாக அழுத்தினால் காற்றுப் புகுந்து மூடி விடுபடும். கிண்ணத்தைக் கையில் தூக்கி அப்படியே குடிக்கலாம், கரண்டி தரமாட்டார்கள்.

குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவு கைமாற்றுவதும் இழவு வீட்டுச் சடங்குகள். மற்றத் தவறுகளைச் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள், இவ்விரண்டையும் அல்ல.

பெட்டிச் சாப்பாடு

கடை கிடைக்காத நாளுக்குப் பெரிய அங்காடிகளின் அடித்தளத்தில் இருக்கும் உணவுக்கூடம் நல்ல புகலிடம். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சுஷிப் பெட்டிகளிலும் பொரியல்களிலும் தள்ளுபடி வில்லை ஒட்டத் தொடங்குவார்கள். 2019 அக்டோபரிலிருந்து வாங்கிச்சென்றால் வரி 8 சதவீதம், கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10. ரயில் நிலையங்களில் எகிபென் என்னும் பெட்டி கிடைக்கும், ஊருக்கு ஊர் வேறு: டொயாமாவில் மூங்கில் இலையில் பொதிந்த, மசு என்னும் ட்ரவுட் வகை மீனின் சுஷி பேர்போனது. ஷின்கான்சென் இருக்கையில் பெட்டியைப் பிரித்துச் சாப்பிடலாம், நகர ரயில்களில் வேண்டாம். தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம் என்பதால் காலிப் பெட்டியை ரயிலிலோ நிலையத்திலோ போட்டுவிட்டு இறங்குங்கள்.